பொய்யனுக்குக் குரல் கொடுத்தவர்

ஊரில் பாதிப் பேருக்கு அவர் முகம் தெரியாது, குரல் தெரியும். பேருந்து நிலையத்தில் இருபத்திரண்டு வருஷமாக அறிவிப்பாளர். ‘மைக் அக்கா’ என்றால் போதும். அவர் மூன்றாவது நடைமேடை என்று சொல்லிவிட்டால், வண்டி கண்ணெதிரே முதல் நடைமேடையில் நின்றாலும் ஜனங்கள் மூட்டை முடிச்சோடு மூன்றாவதுக்கு ஓடுவார்கள்.

விடுமுறை நாட்களில் அவர் நூலகத்து மாடிக்குப் போய், பார்வையற்றவர்களுக்காகப் புத்தகங்களை வாசித்துப் பதிவு செய்து கொடுப்பார். வெளிச்சத்தம் வராதிருக்க ஜன்னல்களில் கம்பளி தொங்கும். மின்விசிறி சத்தம் போடும் என்று அதையும் நிறுத்திவிடுவார்கள். வியர்வை வழிய வழிய வாசிப்பார்.

அப்படிக் கையில் வந்தது ஒரு நாவல். தீப்பிடித்த வீட்டில் தம்பியைப் பறிகொடுத்த அண்ணன் தானே சொல்லும் கதை. ‘கதவைத் திறந்து வைத்துவிட்டுத்தான் கடைக்குப் போனேன்’ என்று மூன்றாவது அத்தியாயத்தில் சொல்கிறான். கதவை வெளியிலிருந்து பூட்டிய சாவி அன்று முழுக்க அவன் சட்டைப்பையிலேயே இருந்தது என்பது கடைசி அத்தியாயத்தில்தான் வெளிப்படும். அக்கா எப்போதும்போல முழுவதையும் படித்து முடித்த பிறகுதான் பதிவுக்கு உட்கார்ந்தார்.

பதிவை முதலில் எடுத்துப் போனவர் ஒரு மருத்துவமனையின் தொலைபேசி ஆபரேட்டர். பிறவியிலேயே பார்வை இல்லாதவர். நாளெல்லாம் முகம் தெரியாத குரல்களோடு பழகுகிறவர். மறுவாரமே அக்காவைத் தேடி நூலக மாடிக்கே வந்துவிட்டார்.

“அக்கா, அவன்தான் பூட்டினான்னு எனக்கு மூணாவது அத்தியாயத்துலயே தெரிஞ்சு போச்சு.”

“எப்படிங்க? அங்க அதப் பத்தி ஒரு வார்த்தைகூட இல்லையே!”

“வார்த்தையில இல்லக்கா. ‘திறந்து’ன்னு சொல்றதுக்கு முன்னாடி மூச்சப் பிடிச்சீங்க. நீங்க அவன நம்பல.”

பக்கத்திலிருந்த ஒலிப்பதிவுக்காரர் அந்த இடத்தை ஓடவிட்டார். நான்காவது தடவைதான் மற்ற இருவர் காதிலும் விழுந்தது. அரை நொடிகூட இராது.

“கோபமெல்லாம் இல்லக்கா. கண்ணால படிக்கிறவங்க கடைசிப் பக்கம் வரைக்கும் ஏமாறலாம். எங்களுக்கு அது கிடைக்காமப் போச்சு, அவ்வளவுதான்.”

அந்த ‘அவ்வளவுதான்’ அக்காவைத் தூங்கவிடவில்லை. அந்த அத்தியாயத்தை மறுபடி வாசித்தார். மூச்சைப் பிடிக்காமல் வாசித்தால் தொண்டை இறுகியது. தொண்டையைத் தளர்த்தினால் வேகம் கூடியது. ஏழு முறை அழித்தார்கள்.

“உனக்குப் பொய் சொல்ல வராது,” என்றார் வீட்டுக்காரர். “என் தங்கச்சி புடவை அழகா இருக்குன்னு நீ சொன்ன அன்னிக்கே அவ அதப் பாத்திரக்காரனுக்குப் போட்டுட்டா.”

ஒரு நாள் மத்தியானம் பேருந்து நிலையத்துக் கட்டுப்பாட்டு அறையிலிருந்து துண்டுச்சீட்டு வந்தது. “பன்னிரண்டு நாற்பது வண்டி புறப்படத் தயாராக உள்ளது” என்று அறிவித்துவிட்டு ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தார். அந்த வண்டியின் என்ஜின் மூடி திறந்து கிடந்தது. அடியிலிருந்து மெக்கானிக்கின் இரண்டு கால்கள் மட்டும் நீட்டிக்கொண்டிருந்தன. அக்கா அப்படியே நின்றுவிட்டார். இப்போது சொன்னது பொய். ஆனால் குரலில் ஒரு பிசிறு இல்லை. சீட்டை நம்பித்தானே சொன்னார்! அந்த அண்ணனும் தனக்குத் தானே ஒரு சீட்டு எழுதி வைத்துக்கொண்டு, வருஷக்கணக்காக அதை வாசித்து வாசித்து நம்பிவிட்டானோ?

அடுத்த பதிவில் அந்த வரி வந்தபோது, காற்றுக்கு அசையும் கதவு அவர் கண்ணில் தெரிந்தது. ஒரே மூச்சில் வாசித்துப் போனார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒலிப்பதிவுக்காரர் மூக்கை உறிஞ்சினார்.

நூலகத்துக் கூடத்தில் பார்வையற்ற பதினான்கு பேர் மூன்று நாள் பிற்பகலில் உட்கார்ந்து புதிய பதிவைக் கேட்டார்கள். ஆபரேட்டரும் வந்திருந்தார். “எனக்குத்தான் கதை தெரியுமே. இவங்க எப்படிக் கேக்கறாங்கன்னு கேக்க வந்தேன்,” என்றார். சாவி சட்டைப்பையிலிருந்து வெளியே வந்ததும் நாற்காலிகள் கிரீச்சிட்டன. முன்வரிசையில் ஒரு பெண் திகைத்துப்போய், “அப்ப நான் அவனுக்காக அழுதது?” என்றாள். மூன்றாவது அத்தியாயத்தை மறுபடி போடச் சொன்னார்கள்.

அதே பதிவு, அதே குரல். ஒரு எழுத்து மாறவில்லை. ஆனால் ‘திறந்து’ என்ற சொல் வந்ததும் பதினான்கு பேரும் ஒன்றாக நிமிர்ந்தார்கள். கடைசி வரிசையில் நின்றிருந்த அக்காவுக்குத் தன் குரலே அந்நியமாகக் கேட்டது. எவனோ ஒருவன், எங்கோ உட்கார்ந்து எழுதி, ஒரே வரிக்குள் இரண்டு மனிதர்களை வைத்துவிட்டானே என்று மலைத்துப் போய் நின்றார்.

எல்லோரும் கலைந்த பிறகு ஆபரேட்டர் மெதுவாகக் கேட்டார்: “அக்கா, சாவி என்கிட்டதான் இருந்துச்சுன்னு கடைசியில சொல்றதும் அவன்தானே? தம்பி செத்த துக்கத்துல பழிய தானே இழுத்துப் போட்டுக்கிட்டிருந்தா? அத மட்டும் ஏன் நம்பணும்?”

வரிக்கு வரி மனப்பாடமான புத்தகம். அந்தக் கேள்வி அக்காவுக்கு ஒரு முறைகூடத் தோன்றியதில்லை. காலி நாற்காலி ஒன்றை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கடைசி அத்தியாயத்தைப் பிரித்து, விரலை வரியின் மேல் வைத்து, சத்தமாகப் படிக்கத் தொடங்கினார்.