மணிக்கட்டில் ஒன்றுமில்லாத பள்ளிக்கூடம்

ஷார்ஜாவில் என் மகள் படித்த பள்ளியின் வாசலைத் தாண்டி நான் ஒருநாளும் உள்ளே போனதில்லை. அங்கே பெற்றோருக்கு உரிய இடம் கார்தான். மற்றதையெல்லாம் கைப்பேசிச் செயலி பார்த்துக்கொள்ளும். அதே பழக்கத்தில், தச்சநல்லூரைத் தாண்டி இருக்கும் ஒரு பெரிய தனியார் பள்ளியின் கேட்டுக்கு வெளியே, மகள் இனியாவின் கையைப் பிடித்துக்கொண்டு வேகாத வெயிலில் அரைமணி நேரம் நின்றேன். யாராவது வந்து அழைப்பார்கள் என்று நினைப்பு. காவலாளி பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, "என்ன அண்ணாச்சி, இது என்ன கல்யாண வீடா, வாங்கன்னு கூப்பிட? உள்ள போங்க" என்றார். ஆழ்வார்குறிச்சியில் பிறந்தவன் நான். சொந்தச் சீமைக்காரரிடமே அசடு வழிந்தேன்.

வளைகுடாவில் பிள்ளை வளர்க்கும் எல்லோருக்கும், பிள்ளையை ஊருக்குக் கொண்டுவந்து பள்ளி தேடும் இந்த நாள் எப்போதாவது வரும். எனக்குச் சீக்கிரம் வந்துவிட்டது. கம்பெனி என்னைக் கடலுக்குள் ஒரு தீவில் நடக்கும் கட்டுமான வேலைக்கு மாற்றியது. அங்கே முகாமில்தான் தங்க வேண்டும், குடும்பத்துக்கு இடமில்லை. மனைவி செல்வியும் மூன்றாம் வகுப்பு முடித்த இனியாவும் தச்சநல்லூரில் செல்வியின் பெற்றோர் வீட்டில் இருப்பது என்று முடிவாயிற்று. பதினைந்து நாள் விடுப்புக்குள் நல்ல பள்ளியாகப் பார்த்துச் சேர்த்துவிட்டுத் திரும்ப வேண்டும்.

அந்தப் பெரிய பள்ளி பார்க்க அம்சமாக இருந்தது. அலுவலகத்தில் இருந்தவர் முதலில், "நாலாம் வகுப்பு நெறஞ்சு போச்சே" என்று உதட்டைப் பிதுக்கினார். பிறகு இனியா மேசைமேல் கையை வைத்தாள். அவள் மணிக்கட்டில் இரண்டு நிற நூலில் பின்னிய ஒரு பட்டை. பக்கத்து ஃப்ளாட்டில் இருந்த பிலிப்பைன்ஸ் சிறுமி மரியெல், பிரியும்போது கட்டிவிட்டது. அதைப் பார்த்ததும் அலுவலகத்துக்காரர் முகம் மலர்ந்துவிட்டது. "அடடே, நம்ம ஆளுகதானா! முதல்லயே சொல்லிருக்கலாம்லா!"

"உங்களுக்கும் ஆழ்வார்குறிச்சியா?" என்று கேட்டேன். அவ்வளவு வெள்ளந்தியாக இருந்திருக்கிறேன்.

"ஊரு எதுவா இருந்தா என்ன? கையப் பார்த்தாத் தெரியாதா?" என்று சிரித்தபடி விண்ணப்பத்தை நீட்டினார். எனக்கு அப்போதுதான் உறைத்தது. எங்கள் சீமையில் சில பள்ளிப் பிள்ளைகளின் கையில் கயிற்றின் நிறம் சாதியைச் சொல்லும். இனியாவின் பட்டையில் என்னென்ன நிறம் என்று இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் நம் ஊர்க்காரர்கள் ஆளாளுக்குக் கணக்குப் போட்டுவிடுவார்கள். அந்த மனிதர் நினைத்தது சரியா தவறா என்றும் சொல்லப்போவதில்லை.

எட்டாம் வகுப்பில் நானும் கயிறு கட்டியிருந்தேன். யாரும் வற்புறுத்தவில்லை, ஆசையாகத்தான் கட்டினேன். அதுவரை என் பக்கத்தில் உட்கார்ந்து என் டிபன் பாக்ஸில் பாதியைக் காலி செய்த கணேசன் கையில் வேறு நிறம் வந்தது. அடுத்த வாரம் அவன் கடைசி பெஞ்சுக்குப் போய்விட்டான். "ஏம்லே அங்கன போயிட்ட?" என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அதை நினைத்தால் இன்றும் எனக்கு வெட்கமாக இருக்கிறது. ஷார்ஜாவில் இனியா வெறும் இந்தியப் பிள்ளை. அவளை யாரும் எந்த ஆள் என்று கேட்டதில்லை.

செல்விக்கு அந்த இடத்தை விட மனமில்லை. "கெடைச்ச சீட்ட விட்டுட்டு எங்க போய்த் தேடப் போறீங்க? கயித்தக் கழத்திட்டாப் போச்சு" என்றாள். நியாயம்தான். ஆனால் கயிற்றைக் கழற்றினாலும், அந்த மனிதர் மனதில் முடிந்துகொண்டதை யார் கழற்றுவது? இன்னும் ஒரு பள்ளியைப் பார்த்துவிடுவோம் என்றேன்.

அது எட்டாம் வகுப்பு வரைக்குமான சின்னப் பள்ளி. மூன்று பக்கமும் வயல். நாங்கள் போனபோது மதியச் சாப்பாட்டு நேரம். பிள்ளைகள் குழாயடியில் வரிசையாகக் கை கழுவிக்கொண்டிருந்தார்கள். ஒரு கையிலும் கயிறு இல்லை, வளையல் இல்லை, கடிகாரம்கூட இல்லை. தலைமையாசிரியை ஐம்பது வயதுக்காரர். எங்களிடம் பேசுமுன் இனியாவிடம் குனிந்து, "இத யாரு கட்டிவிட்டா?" என்று கேட்டார்.

"மரியெல். என் ஃப்ரெண்ட். அதுவா அறுந்து விழுற வரைக்கும் எடுக்கக் கூடாது."

"நல்ல பிள்ளையா இருப்பா போல. ஆனா இங்கன யாரு கையிலயும் ஒண்ணும் கிடையாதும்மா. என் கையப் பாரு." இரண்டு கையையும் நீட்டிக் காட்டினார். அதிலும் ஒன்றுமில்லை.

"சாமி கயிறுகூடவா டீச்சர்?" என்றாள் செல்வி.

"எல்லாரும் சாமி கயிறுன்னுதான ஆரம்பிக்காவ. சாமிய மனசுல வச்சுக்கிடச் சொல்லியாச்சு." கையில் எதுவும் கூடாது என்று சட்டம் போட்ட வருஷம் இரண்டு வேன் நிறையப் பிள்ளைகளைப் பெற்றோர் வேறு பள்ளிக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்களாம். பையப் பைய வேறு பிள்ளைகள் வந்தார்கள் என்று சாதாரணமாகச் சொன்னார். இனியாவிடம், "நான் அறுக்க மாட்டேன், உங்க அப்பாவும் அறுக்கக் கூடாது. நீயாக் கழத்திட்டு வா. ஒரு வாரம் ஆனாலும் உன் எடம் இருக்கும்" என்றார். ஒன்பது வயதுப் பிள்ளையின் சிநேகிதத்துக்கு இவ்வளவு மரியாதை கொடுத்த பெரியவர்களை நான் எந்த நாட்டிலும் பார்த்ததில்லை. அந்த அம்மாவைக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது. விண்ணப்பத்தை வாங்கி அங்கேயே நிரப்பினேன். செல்விதான் பேனாவை எடுத்துக் கொடுத்தாள்.

இனியா மூன்று நாள் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. எங்கே அவள் முடியாது என்றுவிடுவாளோ, நான் கிளம்பும் நாளும் வந்துவிடுமோ என்று நாள்காட்டியையே பார்த்துக்கொண்டிருந்தேன். நாலாம் நாள் மரியெலை வீடியோ அழைப்பில் கூப்பிட்டு ஆங்கிலத்தில் எல்லாவற்றையும் சொன்னாள். "அந்த ஊரில் நிறத்தைப் பார்த்தால் கோபப்படுவார்களா?" என்று மரியெல் கேட்டது. இனியா என்னைப் பார்த்தாள். கடைசியில் மரியெல் பார்த்துக்கொண்டிருக்கவே, பல்லால் கடித்து முடிச்சை அவிழ்த்தாள்.

இப்போது தீவில் இருக்கிறேன். இனியா பள்ளிக்குப் போன முதல் வாரம் காலை வழிபாட்டில் எடுத்த படத்தைச் செல்வி அனுப்பியிருந்தாள். உறுதிமொழிக்காக எல்லாப் பிள்ளைகளும் கையை நீட்டி நிற்கிறார்கள். முகங்களைக் கைகள் மறைத்துவிட்டன. அறையில் உடனிருக்கும் பெஷாவர்க்காரர் அன்வர், "உன் மகள் எங்கே?" என்றார். படத்தைப் பெரிதாக்கி ஒவ்வொரு கையாகத் தேடினேன். ஒரு மணிக்கட்டில் மட்டும் நூல் இருந்த இடம் வெளுத்து, மெல்லிய கோடாகத் தெரிந்தது. "இதோ" என்று காட்டினேன். நம் ஊர் வெயிலுக்கு அது ஒரு மாதம் தாங்காது. அது சீக்கிரம் மறைய வேண்டும் என்றுதான் அவளை அங்கே சேர்த்தேன். மறைந்த பிறகு வரும் படத்தில், என் மகள் கையை என்னால் கண்டுபிடிக்க முடியாது.