"சரிங்க" என்று சொன்ன பெண்

நான் தாதியருக்குப் பாடம் எடுப்பவள். நோயாளியைத் தொடுமுன் எப்படிக் கேட்பது, அவர்களைப் பற்றித் தெரிந்துகொண்டதை யாரிடம் சொல்லக்கூடாது, இவைதான் என் பாடம். போன வருடம், தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே, ஹட்டனிலிருந்து பஸ்ஸில் போகும் தூரத்திலுள்ள ஒரு சிறிய ஆஸ்பத்திரியில் இந்த வகுப்பை நடத்தினேன். வந்திருந்தவர்கள் இளம் தாதியர். அவர்களில் ஒருவர் மட்டும் ஆண்.

வகுப்பறையில் பேசினால் மட்டும் போதாது என்று வார்ட்டுக்கே கூட்டிப்போனேன். அங்கே ஒரு கைக்குழந்தைக்காரப் பெண் இருந்தார். மார்பில் பால் கட்டி, சீழ் வைத்து, அறுத்துவிட்டிருந்தார்கள். தினமும் மருந்து கட்டவேண்டிய புண்.

அவரருகில் குனிந்து, "இவங்க படிக்க வந்தவங்கம்மா. மருந்து கட்டுறதப் பாக்கலாமா? விருப்பம் இல்லேன்னா சொல்லிடுங்க" என்று கேட்டேன். பேசும்போதே என் கை திரைச்சீலையை இழுத்துக்கொண்டிருந்தது. எனக்குப் பின்னால் வெள்ளை உடுப்பில் அத்தனை பேர் நின்றார்கள்.

"சரிங்க" என்றார்.

போர்வையை விலக்கியதும் அவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். வலியால்தான் என்று நினைத்தேன். வெளியே வந்ததும் ஒரு தாதி, "எவ்வளவு அழகா கேட்டீங்க மிஸ்" என்றாள். உண்மையைச் சொன்னால், எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

எல்லாரும் போனபிறகு அந்த ஆண் தாதி மட்டும் தயங்கி நின்றார்.

"மிஸ், அவங்க எங்க தோட்டம். பக்கத்து லயம். நான் அண்ணின்னுதான் கூப்பிடுவேன்."

"முன்னாடியே சொல்லியிருக்கலாமே!" முதலில் எனக்கு அவர்மேல்தான் கோபம் வந்தது.

"எல்லாரும் நிக்கிறப்ப எப்படி மிஸ் சொல்றது? நான் தலையக் குனிஞ்சுக்கிட்டேதான் நின்னேன். ஆனா அவங்க என்னயப் பாத்துட்டாங்க."

படித்து, சம்பளம் வாங்கி, என் மாணவராக நின்ற அவராலேயே என்னிடம் வாய் திறக்க முடியவில்லை. கட்டிலில் படுத்திருந்தவர் எப்படி மறுத்திருப்பார்? உடனே போய் மன்னிப்புக் கேட்டிருக்கலாம். காலையில் பார்த்துக்கொள்வோம் என்று விட்டுவிட்டேன்.

காலையில் கட்டில் காலியாக இருந்தது. "டிஸ்சார்ஜ் துண்டு வெட்டிக்கிட்டு வீட்டுக்குப் போயிட்டாங்க. எவ்வளவு சொல்லியும் கேக்கல" என்றார் வார்ட்டுத் தாதி.

மருந்து கட்டாவிட்டால் புண் மறுபடி சீழ் பிடிக்கும். அந்தத் தோட்டத்தில் தாய்மாரை வீடுவீடாகப் போய்ப் பார்க்கும் மருத்துவமாதுவுக்குப் போன் பண்ணி, அவரோடு ஆட்டோவில் நானும் கிளம்பினேன். நான் போகத் தேவையே இல்லை. எப்படியாவது என் தவறைச் சரிசெய்துவிட வேண்டும் என்ற பதற்றம்.

ஒரே கூரையின் கீழ் வரிசையாக வீடுகள் ஒட்டியிருக்கும் அந்த லயத்து வாசலில் ஆட்டோ நின்றதும் பக்கத்து வீட்டுக் கதவுகள் திறந்தன. அந்தப் பெண் குழந்தையோடு வாசலுக்கு வந்தார். மருத்துவமாதுவைப் பார்த்து, "வாங்க மிஸ்ஸி" என்றார். என்னிடம், "நீங்க வெளிய இருங்க" என்றார்.

அவர்கள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள். நான் வெளியே இஸ்தோப்புத் திண்ணையில் நின்றேன். பக்கத்து வீட்டம்மா கிட்டே வந்தார்.

"என்னங்க அந்தப் புள்ளைக்கு? கான்சரா?"

"ஒண்ணும் இல்லைங்க. சும்மா பாத்துட்டுப் போக வந்தோம்."

"சும்மாவா ரெண்டு பேரு ஆட்டோ புடிச்சு வந்திருக்கீங்க?"

உள்ளிருந்து புண்ணைச் சுத்தம் செய்யும்போது எழுந்த முனகல் கேட்டது. வாசலில் கூடியிருந்த எல்லாருக்கும் கேட்டது.

மருந்து கட்டி முடிந்ததும் அந்தப் பெண் கதவை ஒருக்களித்துத் திறந்தார். நான் தாழ்ந்த குரலில், "மன்னிச்சுக்கங்கம்மா. நான் கேட்ட விதம் சரியில்ல" என்றேன்.

"நீங்க நல்லாத்தாங்க கேட்டீங்க" என்றார் அவரும் அதே குரலில். "முடியாதுன்னு சொன்னா நாளைக்கு யாரு மருந்து கட்டுவாங்கன்னு நெனச்சேன். அந்தத் தம்பிய இனி எப்படி மூஞ்சி குடுத்துப் பாப்பேன்?" பக்கத்து வீட்டம்மாவை ஒரு பார்வை பார்த்தார். "இப்ப இங்கயும் வந்துட்டீங்க."

நான் தலையசைத்துவிட்டு ஆட்டோவில் போய் உட்கார்ந்துகொண்டேன். அவர் வார்ட்டில் மறைக்க நினைத்ததை நான் லயம் வரைக்கும் கொண்டுவந்து சேர்த்திருந்தேன்.

அதன்பிறகு மருத்துவமாது மட்டும் போய்வந்தார். புண் ஆறிவிட்டதாகச் சொன்னார். அந்த ஆண் தாதி தன் வீட்டுக்குப் போகும்போதெல்லாம் மேல்பாதையால் சுற்றிக்கொண்டு போகிறாராம், அண்ணியின் வாசலைக் கடக்காமல். அவரே ஒருநாள் சொன்னார். சொல்லும்போது என்னைக் குறைகூறவில்லை. குறைகூறியிருந்தால் தாங்கிக்கொண்டிருப்பேன்.

இப்போது வார்ட்டில் பாடம் எடுப்பதானால், முந்தின நாளே வார்ட்டுத் தாதி ஒருவர் தனியாகப் போய்க் கேட்கிறார். யாரெல்லாம் வருவார்கள், எந்த ஊர்க்காரர்கள் என்பதையும் சொல்கிறார். பாதிப்பேர் வேண்டாம் என்கிறார்கள். அப்படியானால் முன்பு எத்தனை பேர் மனமில்லாமல் "சரிங்க" என்றிருப்பார்கள் என்று நினைக்கையில் கூசிப்போகிறேன்.

அது நடந்து சில மாதங்களுக்குப் பிறகு அந்தப் பெண்ணை ஹட்டன் பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். குழந்தை வளர்ந்து இடுப்பில் குதித்துக்கொண்டிருந்தது. என்னைக் கண்டதும் அவருடைய கை தானாக எழுந்து சேலைத் தலைப்பை மார்புக்கு மேல் இழுத்துவிட்டது. நான் பக்கத்துப் பழக்கடையின் பக்கம் திரும்பிக்கொண்டு, அவருடைய பஸ் போகும்வரை அங்கேயே நின்றேன்.