பதினெட்டு வயதுக்குக் கீழே விற்பனை இல்லை

இசக்கிமுத்துவுக்கு இரண்டு வேலை. மட்டாஞ்சேரியில் ஒரு தியேட்டர் வாசலில் நின்று டிக்கெட் கிழிப்பார். காட்சி தொடங்கிய பிறகு ரோட்டைக் கடந்து, எதிரே மனைவி வீரலட்சுமி நடத்தும் பொம்மைக் கடையில் போய் உட்காருவார். இரண்டுக்கும் நடுவில் முப்பது அடி ரோடு. அந்த முப்பது அடிக்குள் ஒரு மனிதரின் மனசாட்சி எப்படிக் காணாமல் போகிறது என்பதை 2001-ஆம் வருஷம் யாரும் பகல் வெளிச்சத்திலேயே பார்த்திருக்கலாம்.

அவருடைய அப்பா தென்காசிப் பக்கத்திலிருந்து அரிசிக் கிடங்குக்கு மூட்டை தூக்க வந்தவர். இசக்கிமுத்து கொச்சியில் பிறந்தவர். மலையாளம் வாசிப்பார், தமிழ் பேசுவார். சட்டம் என்றால் உயிர். ‘ஏ’ சான்றிதழ் படம் ஓடுகிற நாட்களில் வாசலில் அவர் நிற்கிற தோரணையைப் பார்த்தால் உள்ளே ஏதோ அணைக்கட்டைக் காவல் காக்கிறார் என்றுதான் தோன்றும். கல்யாணமான ஒருவனை, முகம் பிஞ்சாக இருக்கிறது என்று, ரேஷன் கார்டு கொண்டுவரச் சொல்லித் திருப்பி அனுப்பியவர். அதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டும் திரிவார்.

அந்த வருஷம் ஒரு கொலைகாரன் படம் வந்தது. வளைந்த கத்தியால் ஊரில் பாதிப் பேரின் கழுத்தை அறுக்கிறான், அதுதான் கதை. ‘ஏ’ சான்றிதழ். ஒரு மாதத்திற்குள் டெல்லியிலிருந்து லாரி பார்சலில் அதே கத்தி பிளாஸ்டிக்கில் வந்துவிட்டது. கழுத்தில் வைத்து அழுத்தினால் அலகு உள்ளே போகும், பிடியிலிருந்து சிவப்புத் தண்ணீர் வழியும். கூடவே கொலைகாரனின் முகமூடி. செய்தவனுக்குச் சொந்தமாக ஒரு படம் வரையக்கூட சோம்பல். சினிமா போஸ்டரை அப்படியே பெட்டியில் அச்சடித்திருந்தான், வட்டத்துக்குள் இருந்த ‘ஏ’ உட்பட. இசக்கிமுத்து அந்தப் பெட்டிகளை ரோட்டைப் பார்த்து அடுக்கினார். வாசலில் அவர் விரட்டிய பையன்கள் ரோட்டைக் கடந்தார்கள். வீரலட்சுமி கத்தியைக் கொடுத்தாள்.

இது இப்படியே போயிருக்கும், மாரியம்மன் கோயில் திருவிழா வராமல் இருந்தால். கோயில் வாசலுக்கு நேர் எதிரே ஒரு கடைக்குத்தான் இடம். பதினொரு வருஷமாக அது இசக்கிமுத்துவின் இடம். அந்த மூன்று நாள் வியாபாரத்தில்தான் அவர் குடும்பம் மழைக்காலத்தைத் தள்ளும். அந்த இடத்தை இந்த முறை கொடுக்கக் கூடாது என்று கோயில் கமிட்டியில் ஒருத்தி எழுந்தாள்: லோகாம்பாள், முனிசிபாலிட்டியில் துப்புரவு மேஸ்திரி. இருபது பேரை வேலை வாங்கிப் பழகிய குரல்.

“இசக்கி, அந்தப் படத்துக்கு நம்ம தெருப் பிள்ளைகளை உள்ள விடுவியா?”

“ஒரு செக்கன, ஒரு பொடிப்பயலக்கூட விட்டது கிடையாது, லோகாக்கா. ஆர்கிட்ட வேணும்னாலும் கேளுங்க.”

“ஏன் விடல?”

“கெட்டுப் போவும்லா.”

“அப்ப அந்தக் கத்தி?”

“அது கடைல்லா அக்கா. கடைக்கு எங்க சர்ட்டிபிகேட்டு?”

அவர் கிண்டல் செய்யவில்லை. உண்மையிலேயே அப்படித்தான் நம்பினார். கமிட்டி செயலாளர் ரங்கசாமிக்கு யாரையும் பகைத்துக்கொள்ள முடியாது. அந்தத் தகுதிக்காகவே செயலாளர் ஆனவர். தியேட்டர் சட்டமே கடைக்கும் இருக்கட்டும், பதினெட்டுக்குக் கீழே இருப்பவர்களுக்கு அந்தக் கத்தியை விற்கக் கூடாது என்று அவர் ஒரு வழி கண்டுபிடித்தார். சாயா ஆறிக்கொண்டிருந்தது. எல்லோரும் தலையாட்டினார்கள். லோகாம்பாள் மட்டும் ஆட்டவில்லை.

இசக்கிமுத்து அந்தச் சட்டத்தை ஒரு அட்டையில் மலையாளத்தில் எழுதித் தொங்கவிட்டார். அப்படியே கடைப்பிடிக்கவும் செய்தார். முதல் நாள் மட்டும் நாற்பது பிள்ளைகளையாவது விரட்டியிருப்பார். பிள்ளைகள் போய் அப்பாக்களைக் கூட்டிவந்தார்கள். சுமை தூக்கும் தொழிலாளி ஷாஜி மகனைத் தோளில் வைத்துக்கொண்டே வந்து, “இது எனக்காக்கும் சேட்டா, ராத்திரி தனியா இருந்து விளையாடணும்” என்றான். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். இசக்கிமுத்து அவன் மீசையை ஒருமுறை பார்த்துவிட்டுக் கொடுத்தார். கத்தி அதே நொடியில் தோளுக்கு ஏறியது. ஆசிரியர்கள் வாங்கினார்கள். கமிட்டி உறுப்பினர் இருவர் வாங்கினார்கள். டிவியில் முத்தக் காட்சி வந்தால் ஓடிப்போய் அணைக்கிற அப்பாக்கள் வரிசையில் நின்று வாங்கினார்கள்.

இரண்டாம் நாள் சாயங்காலம், லோகாம்பாள் அன்னதானப் பந்தலுக்குப் பின்னால் போனாள். பிள்ளைகள் மண்ணில் வரிசையாகப் படுத்திருந்தார்கள். ஒரு பையன் முகமூடியோடு ஒவ்வொரு கழுத்தாக அறுத்துக்கொண்டு வந்தான். நான்காவதாகப் படுத்திருந்தது அவள் தம்பி மகள் சுமா, ஐந்து வயது. அவள் அழவும் இல்லை, சிரிக்கவும் இல்லை. தாடையை உயர்த்தி, கழுத்தை வாகாகக் காட்டி, தன் முறைக்குக் காத்திருந்தாள்.

லோகாம்பாள் நேராகக் கடைக்கு வந்தாள். பின்னால் ரங்கசாமி ஓடிவந்தார். அவள் கத்தவில்லை. கத்தியையும் முகமூடியையும் இப்போதே கட்டி வைத்தால் இந்த இடம் இசக்கிமுத்துவுக்கு இருக்கும், அடுத்த வருஷமும் இருக்கும், அதற்குத் தானே பொறுப்பு என்றாள். பம்பரம், விசில், சமையல் சாமான் எல்லாம் தாராளமாக விற்கலாம். இல்லையென்றால் ஓரத்தில் புகை கக்குகிற ஜெனரேட்டருக்குப் பின்னால் போய்விட வேண்டும்.

வீரலட்சுமி உடனே பெட்டிகளைக் கட்டத் தொடங்கினாள். இசக்கிமுத்து அவள் கையைப் பிடித்தார்.

“நான் என்ன தெற்று செஞ்சேன், என்ன தப்பு? ரூல் நீங்க போட்டது. ஒரு பிள்ளைக்காவது வித்தேனா, சொல்லுங்க.”

“விக்கல.”

“பின்னே?”

“பிள்ளை கழுத்த நீட்டிட்டுக் கெடக்கு, இசக்கி. அத ஒருக்கா போய்ப் பாரு.”

அவர் போய்ப் பார்க்கவில்லை. இருபது எட்டு வைத்தால் போதும். கட்டி வைத்தால் தப்பு செய்ததாக ஒத்துக்கொண்டது போலாகிவிடும், அதுதான் அவருடைய கணக்கு. மேசையைத் தானே தூக்கிக்கொண்டு ஜெனரேட்டருக்குப் பின்னால் போனார். வீரலட்சுமி பம்பரக் கூடையோடு பின்னால் நடந்தாள். அந்தப் புகைக்குள் அப்பாக்கள் யாரும் வரவில்லை. அவர்களுக்கு அவ்வளவுதான் ஆசை.

அடுத்த வருஷம் அந்த இடம் ஒரு வளையல்காரிக்குப் போனது. இசக்கிமுத்துவைக் கேட்டால் இன்றைக்கும் ஒரே பதில்தான்: பதினெட்டுக்குக் கீழே ஒருத்தனுக்கும் நான் அங்கே விற்றதில்லை. அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை.