மீன் வாடை

நான் மயக்க மருந்து டாக்டர். காசிமேட்டில் மீன் விற்கும் ஓர் அம்மாவின் கணவருக்கு அன்று குடல் ஆபரேஷன். அவர் வாய்க்குள் சுவாசக் குழாயை வைத்த கிளவுஸைக் கழற்றாமலே மயக்க மெஷினின் குமிழைத் திருகினேன். அதே கையோடு டிரிப்ஸ் குழாயில் மருந்தும் ஏற்றினேன். அவசரத்தில் எங்களில் பலர் செய்வதுதான். கிளவுஸ் போட்டிருக்கிறோமே என்ற தைரியம்.

மறுநாள் ஐ.சி.யூ. வாசலில் அந்த அம்மாவை நிறுத்தி, "மீன் வாடையோட உள்ள வராதீங்க, கையக் கழுவுங்க" என்று சிடுசிடுத்தேன். அதன்பிறகு தினமும் எலுமிச்சம்பழம் தேய்த்துக் கழுவிவிட்டு வந்தார். விரல் வெடிப்புகள் சிவந்திருந்தன.

ரத்தத்தில் கிருமி பரவி அவர் கணவர் இறந்துபோனார்.

உடலை வண்டியில் ஏற்றியபிறகு அந்த அம்மா என்னிடம் வந்தார்.

"நல்லா தேச்சு கயுவிகினுதானே டாக்டரம்மா தொட்டேன். அப்பவும் என் கையாலதான் ஆயிடுச்சா?"

"இல்லம்மா, உங்க கையால இல்ல."

"அப்ப இன்னாத்தால?"

கிருமி எப்படிப் போனதென்று நிச்சயமாகச் சொல்ல முடியாது என்றேன். அது உண்மைதான். என் கையைப் பற்றி மட்டும் வாய் திறக்கவில்லை. அவர் கைகளை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு போனார்.

இப்போது ஒவ்வொரு முறையும் சுவாசக் குழாயை வைத்ததும் கிளவுஸைக் கழற்றிக் கை கழுவுகிறேன். அந்த அம்மா இன்னும் தன் கையைத்தான் சந்தேகப்பட்டுக்கொண்டிருப்பார்.