ஹாசியெண்டா எக்ஸிட் வரை

இன்று காலை பிளசன்டன் பேக்கரியில் கேக் வாங்கிக்கொண்டு காரில் ஏறியதும் மனைவி சொன்னாள்: "நேராப் பிடிங்க. உங்க கைராசி ஊருக்கே தெரியும்." பெட்டிக்குள்ளிருந்து வெனிலா வாசனை. முன்பு ஒரு கேக் என் மடியிலிருந்து விழுந்தது அவளுக்குத் தெரியும். ஏன் விழுந்தது என்பது தெரியாது.

அப்போது கலிபோர்னியாவின் டப்ளினில் ஒரே அபார்ட்மென்டில் மூன்று பேர் இருந்தோம்: ஈரோட்டுச் செந்தில், கீழக்கரை ரஹ்மத், நான். மூவருக்கும் ஒரே இஸ்திரிப் பெட்டி. நூலகத்தில் ஒரு நாவல் எடுத்திருந்தேன். கணவன் விட்டுப்போன ஒருத்தி, அக்கம்பக்கம் அறியக்கூடாதென்று அவன் சட்டைகளைத் தினமும் துவைத்துக் கொடியில் போடுகிறாள். சரியான பொய்க்காரி என்று முதலில் எரிச்சல்பட்டேன். பாதிப் புத்தகத்தில் மழை இருட்டிக்கொண்டு வந்தபோது, அவளோடு சேர்ந்து நானும் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதைத் திருப்பிக் கொடுக்கப் போன ஒரு வேலை நாளில், நூலக வாசலில் ரஹ்மத்தின் கார் நின்றது. உள்ளே அவன் டிபன் பாக்ஸைத் திறந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தான். கழுத்தில் ஆபீஸ் பட்டை. அதில் அடையாள அட்டை இல்லை. அவன் கம்பெனியில் ஆட்களைக் குறைக்கிறார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன். நாவலுக்கு முந்தைய நான் கண்ணாடியைத் தட்டி, "என்னடா, கட்டடிச்சிட்டியா?" என்று சிரித்திருப்பேன். அன்று அவன் நிமிர்வதற்குள் திரும்பி நடந்துவிட்டேன்.

அடுத்த வாரம் அவன் பிறந்தநாள். மத்தியானம் செந்தில் கேக்கை என் மடியில் வைத்துவிட்டு வண்டியை எடுத்தான்.

"எங்கடா?"

"அவன் ஆபீஸுக்கு. ரிசப்ஷன்ல சொல்லிக் கீழ வரவெச்சு சர்ப்ரைஸ் பண்றோம். வீடியோ எடுத்து குரூப்ல போடறேன்."

அந்தக் குரூப்பில் ரஹ்மத்துக்குப் பேசி முடித்திருந்த பெண்ணின் அண்ணனும் இருந்தார். அமெரிக்க வேலையைப் பார்த்துப் பேசிய சம்பந்தம். மெசேஜ் அனுப்பி எச்சரிக்கலாம். ஆனால் எனக்குத் தெரியும் என்பது அவனுக்குத் தெரிந்துவிடும்.

"சாயங்காலம் வீட்லயே வெட்டலாமேடா."

"ஏன்டா எப்பப் பாத்தாலும் கிழவன் மாதிரியே பேசற?"

ஃப்ரீவேயில், அவன் ஆபீஸுக்கு இறங்க வேண்டிய ஹாசியெண்டா எக்ஸிட் பலகை வந்தது. இறங்கியதும் சிக்னல் சிவப்பு. செந்தில் பிரேக் போட்டான். நான் கையை எடுத்துவிட்டேன்.

"டேய் லூசு! ஒரு கேக்கப் புடிக்கத் தெரியாதா?"

ரஹ்மத்தின் பெயர் என் ஷூவில் அப்பியிருந்தது. திட்டிக்கொண்டே செந்தில் வண்டியைத் திருப்பினான்.

மாலை வழக்கமான நேரத்துக்கு ரஹ்மத் வந்தான். பட்டையின் நுனி சட்டைப்பைக்குள் இருந்தது. அவன் ஆபீஸுக்குக் கிளம்பியதையும் என் கைராசியையும் செந்தில் நடித்தே காட்டினான். ரஹ்மத் சிரிக்கவில்லை.

"எந்த எக்ஸிட் வரைக்கும் வந்தீங்க?" என்று என்னைக் கேட்டான்.

"ஹாசியெண்டா."

என்னையே கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு தண்ணீர் எடுக்கப் போனான்.

வேலை போனவனுக்கு விசா கொடுக்கும் கெடு முடியுமுன் டெக்சாஸில் வேலை கிடைத்துப் போனான். நிக்காஹும் நடந்தது. முதலில் வாரம் ஒரு போன், பிறகு பெருநாள் வாழ்த்து மட்டும், பிறகு அதுவும் இல்லை; நான் அழைத்தாலும் எடுப்பதில்லை. இப்போது வேலை போனவர்கள் அன்றைக்கே இணையத்தில் எழுதிவிடுகிறார்கள். தெரிந்தவர் தெரியாதவர் எல்லாரும் ஆறுதல் சொல்கிறார்கள். நல்லதுதான். அவனும் அப்படிச் சொல்லியிருக்க முடிந்திருந்தால், இன்று என் போனை எடுத்திருப்பான்.