யன்னலுக்குப் பதினொரு இணைப்புகள்

பல்லேகலையில் ஒரு தொழிற்சாலையில் தரக் கட்டுப்பாட்டுப் பொறியியலாளராக இருக்கிறேன். பிறர் நிரப்பித் தரும் படிவங்களில் விடுபட்டதைக் கண்டுபிடித்துத் திருப்பி அனுப்புவது என் வேலையில் பாதி. அதை நான் அன்பாகவே செய்கிறேன் என்று இந்த வருடம் வரை நம்பியிருந்தேன்.

குண்டசாலையில் நானும் அம்மாவும் இருக்கும் தொடர்மாடி வீட்டில் நான்கு மர யன்னல்களும் உக்கிவிட்டன. அம்மாவின் அறையில்தான் மோசம். கீழ்ச்சட்டத்தை விரலால் அழுத்தினால் உள்ளே போகும். மழை பெய்தால் சுவர் ஊறிப் பூஞ்சணம் பிடிக்கும். அம்மாவுக்குத் தொய்வு தொடங்கும். போன ஐப்பசி முழுவதும் அவர் மூச்சை இழுத்தபடி ஹோலில் கதிரையில் உட்கார்ந்தே தூங்கினார். இந்த முறை மழைக்கு முன் அலுமினிய யன்னல் போட்டுவிடுவது என்று முடிவெடுத்தோம். கட்டுகஸ்தோட்டையிலிருந்து வரும் அலுமினிய வேலைக்காரர், நாங்கள் பாஸ் என்று கூப்பிடுபவர், இரண்டு நாள் ஒதுக்கித் தந்தார். "மழ தொடங்கினா நான் சட்டத்தக் கழட்ட மாட்டேன், இப்பவே சொல்லிட்டேன்" என்றார்.

வெளிச்சுவரில் கை வைக்கத் தொடர்மாடி அலுவலகத்தின் அனுமதி வேண்டும். பக்கத்து வீட்டில் கேட்டிருந்தால் ஐந்து நிமிடத்தில் வழி சொல்லியிருப்பார்கள். நான் பட்டியல் போட்டேன். தலைப்பு, 'யன்னல்களை மாற்றுதல்'. அதன் கீழே அளவுகள், முன்தோற்றம், குறுக்குவெட்டு, புகைப்படங்கள் என்று பதினொரு இணைப்புகள். ஏழாவது, காற்றழுத்தக் கணக்கு. அதை யாரும் கேட்கவில்லை. செய்ய எனக்குப் பிடித்திருந்தது, அவ்வளவுதான்.

"பிள்ளை, நான் கப்பலே கேட்டனான்? ஒரு யன்னல்தானே" என்றார் அம்மா.

"முழுசாக் குடுத்தால் திருப்பி அனுப்பமாட்டினம் அம்மா."

மூன்று கிழமையில் திருப்பி அனுப்பினார்கள். சிங்களத்தில் வந்த கடிதம் இரண்டு விடயங்களைக் கேட்டது. ஒன்று, கட்டடத்தின் உறுதி பற்றிப் பட்டயப் பொறியியலாளர் ஒருவரின் அறிக்கை. மற்றது, எங்கள் கட்டடத்தில் உள்ள எல்லா வீட்டாரின் கையொப்பம். மேல்மாடிக் குடும்பம் கட்டாரில் இருக்கிறது. பாஸ் வருவதற்கு ஒன்பது நாள் இருந்தது.

அரைநாள் லீவு போட்டுக்கொண்டு அலுவலகத்துக்குப் போனேன். தமிழில் வரும் விண்ணப்பங்களைச் சிங்களத்தில் சுருக்கி மேலதிகாரிக்கு அனுப்பும் பெண் ஒருவர் இருந்தார். மலையகத்துக்காரர், ஐம்பது வயதிருக்கும். என் கோவையை எடுத்து மேசையில் போட்டார். சத்தம் கேட்டது.

"இது நீங்களா மிஸ்? நான் ஏதோ பெரிய கொந்தராத்துக்காரங்கன்னு நெனச்சேன்."

"இதில் என்ன விடுபட்டிருக்கு?"

"விடுபடலீங்க. கூடிப்போச்சு. நீங்க 'மாற்றுதல்'னு எழுதியிருக்கீங்க. பழசுக்குப் பதிலா புதுசு வைக்கிறதும் மாத்துறதுதான், கட்டடத்தோட உருவத்த மாத்துறதும் மாத்துறதுதான். சிங்களத்துல அது ரெண்டும் வேற வேற சொல்லு. இவ்வளவு படத்தப் பாத்துட்டு, செவத்த ஒடைக்கப் போறீங்கன்னு நானும் ரெண்டாவதத்தான் எழுதினேன். மேல உள்ள சேர் பயந்துட்டாரு."

என் முகம் சூடாகியது. அந்தச் சொல்லை நான் ஒருமுறைகூடச் சரிபார்க்கவில்லை.

"இப்ப என்ன எழுதணும்?"

"பழுதுபார்த்தல்னு ஒரு பக்கம் எழுதுங்க. அதே அளவு, அதே நெறம்."

"ஆனால் நான் பழுதுபார்க்கவில்லையே. முழுதாகக் கழற்றிவிட்டுப் புதிது…"

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "பல்லு விழுந்தா பல்லுதானே கட்டுறோம்? வாயையா மாத்துறோம்? எழுதுங்க மிஸ், பின்னால ஆள் நிக்குது."

அங்கேயே நின்றபடி எழுதினேன். பதினொரு இணைப்புகளின் வெட்கத்தில் மிகச் சுருக்கமாக எழுதினேன்: தாயாரின் அறை யன்னல் உக்கியுள்ளது, மழையில் அவருக்கு மூச்சுத்திணறல் வருகிறது, அதே அளவிலும் அதே மண்ணிறத்திலும் பழுதுபார்க்க அனுமதி தருக. வெள்ளை நிறச் சறுக்கு யன்னல் என்ற என் கனவு அந்த வரியோடு போயிற்று. நான்காம் நாள் அனுமதி வந்தது.

பாஸ் சொன்ன நாளில் வந்தார். அனுமதிக் கடிதத்தை வாங்கி இரண்டுதரம் வாசித்தார்.

"இதுல ஒரு ஜன்னல்தானே இருக்கு. மத்த மூணும்?"

நான் கடிதத்தை வாங்கிப் பார்த்தேன். நான் எழுதியதைத்தான் தந்திருந்தார்கள். தொழிற்சாலையில் யாராவது இப்படி மூன்றை விட்டுவிட்டு எழுதித் தந்திருந்தால் எவ்வளவு இனிமையாகத் திருப்பி அனுப்பியிருப்பேன்!

"இண்டைக்கு இது மட்டும்" என்றேன், அதுதான் திட்டம் என்பது போல.

"எஞ்சினியர் சொன்னாச் சரி" என்றார் பாஸ், சிரிக்காமல்.

அந்தக் கிழமையே பிற்பகல் மழை தொடங்கியது. புதிய யன்னலின் ஓரமெல்லாம் டிஷ்யூவை ஒற்றி ஒற்றிப் பார்த்தேன். காய்ந்தே இருந்தது. அம்மா தன் கட்டிலில் கால் நீட்டிப் படுத்திருந்தார். மூச்சு இழுக்கும் சத்தம் இல்லை.

"பிள்ளை, உன்ர அறைக்குள்ள தண்ணி சொட்டுது போல."

"ஓம் அம்மா."

"பாயைக் கொண்டு வந்து இஞ்ச போடு. மழை முடியும் மட்டும் இஞ்சயே படு. இந்தமுறை படம் ஒண்டும் கீறாதை."

பாயை எடுக்கப் போனேன். அதன் ஒரு மூலை ஏற்கெனவே நனைந்திருந்தது.