ஏழாம் ரகமும் பதினோராம் ரகமும்

ஆராய்ச்சி நிலையத்தில் எல்லோருக்கும் அவர் பூண்டக்காதான். பூண்டை இடித்து, தண்ணீரில் கொதிக்கவிட்டு, ஆவியோடு வரும் எண்ணெயை வடித்தெடுப்பது பதினாறு வருடமாக அவர் வேலை. வாடை தாங்கவில்லை என்று மற்றவர்கள் முகம் சுளிக்க, வடிகலனையும் அவரையும் சேர்த்தே பின்கட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அந்தப் பக்கம் ஈ காக்கை வராது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஒரே தம்பி வெளியூரில் குடும்பத்தோடு இருந்தார்.

அந்த வருடம் ஒரே வயலில் பன்னிரண்டு ரகம் போட்டிருந்தார்கள். மண்ணும் தண்ணீரும் ஒன்றே என்பதால், எண்ணெய் கூடினாலும் குறைந்தாலும் அது ரகத்தின் குணம். அறுவடைக்குப் பின் கிடங்கின் கூரை ஒழுகி, பைகளில் ஒட்டியிருந்த சீட்டுகள் கரைந்துபோயின.

"எது எதுன்னே தெரியல. குப்பையில கொட்டுங்க," என்றார் நிலையத் தலைவர்.

"வேணாம் சார். போன வருஷத்துக் கணக்கு எங்கிட்ட இருக்கு. எண்ணெய் அளவு முன்னப்பின்ன இருந்தாலும், அதுல இருக்கிற கந்தகச் சத்துங்களோட விகிதம் ரகத்துக்கு ரகம் வேற. வடிச்சுப் பாத்துச் சொல்லிடறேன்."

"ஒத்தாசைக்கு ஆள் இல்லையே. தனியாவா?"

"எப்பவும் தனியாத்தானே சார் இருக்கேன்."

ஒவ்வொரு வடிப்புக்கும் மூன்று மணி நேரம். மற்ற எண்ணெய்கள் பெரும்பாலும் மிதக்கும். பூண்டெண்ணெய் தண்ணீருக்கு அடியில் மஞ்சளாகப் படியும். கொழுத்த பற்களோடு வந்த ஒரு ரகம் நாலு சொட்டுக்கு மேல் தரவில்லை. "ஆள்தான் வாட்டசாட்டம். சரியான கஞ்சன்டா நீ," என்று அதைத் திட்டினார். பதில் சொல்ல அங்கே வேறு யாரும் இல்லை.

மூன்றாவது வாரம் பத்து பைகளுக்குப் பெயர் கிடைத்துவிட்டது. மிச்சமிருந்தவை ஏழாம் ரகமும் பதினோராம் ரகமும். எது ஏழு, எது பதினொன்று? இரண்டிலும் எண்ணெய் ஒரே அளவு. கந்தகச் சத்துகளின் விகிதத்தைக் கருவி வரைந்து காட்டிய தாள்களில் மேடுபள்ளமும் அச்சு அசலாக ஒன்றே. திரும்ப வடித்தார்; அதேதான். போன வருடத்துத் தாள்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் அவையும் ஒன்றே; தூக்கிவாரிப் போட்டது. இத்தனை நாளும் ஒரே ரகத்தை இரண்டு பெயரில் வளர்த்திருக்கிறார்கள்!

யாரிடமாவது சொல்லவேண்டும்போல் இருந்தது. சனிக்கிழமை சாயங்காலம், அலுவலகம் காலி. தம்பிக்குப் போன் போட்டார்.

"தம்பி, ஏழும் பதினொண்ணும் ஒண்ணுதான்டா!"

"என்னக்கா, லாட்டரி ஏதும் விழுந்திருக்கா?"

சொல்ல வாயெடுப்பதற்குள், "பசங்க கூப்பிடறாங்கக்கா, அப்புறம் பேசறேன்," என்று வைத்துவிட்டார். அப்புறம் கூப்பிடவில்லை. பூண்டக்கா இரண்டு தாள்களையும் மேசைமேல் விரித்து வைத்துக்கொண்டு, இருட்டும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தார்.

திங்கட்கிழமை தலைவருக்கு ஒரே சந்தோஷம். உதவிக்கு ஓர் ஊழியரை மாற்றிக் கொடுத்தார். அந்த அம்மாள் மூக்கைத் துணியால் கட்டிக்கொண்டு இரண்டு நாள் இருந்தாள். மூன்றாம் நாள், "கோவிச்சுக்காதீங்கக்கா, என்னால ஆகாது," என்று சொல்லிப் பழைய இடத்துக்கே போய்விட்டாள்.

பூண்டக்காவுக்குக் கோபம் வரவில்லை. வாய் ஓயாமல் இரண்டு நாள் பேசியதில் தொண்டைதான் கட்டியிருந்தது.